வெட்டாத பன்னிரண்டு நிமிஷம்

திருவொற்றியூர்,
ஜூன் 2, திங்கட்கிழமை

என் உயிர் மகி,

நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்க இன்றைக்கு மனசு வரவில்லை, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். யாரோ என் நம்பரை ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். நிமிஷத்துக்கு ஒருவன் கூப்பிட்டுக் காதால் கேட்க முடியாததையெல்லாம் சொல்கிறான். வெள்ளிக்கிழமை உன் ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்தேன். மூன்று பஸ் மாறி வந்தவளை செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். பத்தாவது லீவில் நீ மீஞ்சூர் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது எழுதினேன், அதற்கப்புறம் இப்போதுதான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் சேனலில் வந்தது வரிசையாக இல்லை. ஒன்பது நாளாக நம் பட்டறைத் தெருவில் குழாய்த் தண்ணீர் வராமல் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை பெண்கள் எல்லாரும் குடத்தோடு போய் மெயின் ரோட்டில் உட்கார்ந்தோம். தெரு நலச் சங்கத் தலைவர் என்ற முறையில் உன் நைனாதான் முன்னால் நின்று கோஷம் போட்டார். மத்தியானம் உன் சேனல் வண்டி வந்தது. கேமராக்காரர் ஜஹாங்கீர் அண்ணனும் ஒரு நிருபர் பெண்ணும். "மகிழினி மேடம் உங்களைத்தான் பேச வைக்கச் சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண். உன் பேரைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு பெருமை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்தார்கள். பன்னிரண்டு நிமிஷம் பேசினேன். நீங்கள் போட்டது பதினோரு வினாடி.

"ஒம்போது நாளா தண்ணி இல்ல, கேக்க நாதி இல்ல. மந்திரி மண்டைய இந்தக் கொடத்தாலயே பொளக்கணும்."

இதுதான் அந்தப் பதினோரு வினாடி. அதை அடுத்து நான் பேசியது எங்கே போயிற்று மகி? "அப்டித்தான் ஆறு வருசமா நானும் சொல்லிகினு கீறேன்" என்று ஆரம்பித்து, மந்திரி மேல் பழி போட்டுவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம், தெருத் தண்ணீர் உண்மையில் எங்கே போகிறது என்று பார்ப்போம் என்று ஒரு பாட்டம் பேசினேனே. அதில் ஒரு சொல்கூட வரவில்லை.

மறுநாளே ஆளுங்கட்சிக்காரர்கள் நாலு பேர் வீட்டு வாசலில் வந்து நின்று அம்மாவைப் பயமுறுத்திவிட்டுப் போனார்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் சால்வையோடு வந்தார். நான் பின்பக்கமாக ஓடிவிட்டேன். டீக்கடையில் உன் சேனல் காசு வாங்கிக்கொண்டு கூவுகிற சேனல் என்கிறார்கள். மகி அங்கே இருக்கிற வரைக்கும் அப்படி நடக்காது என்று நான் அவர்களோடு சண்டைக்குப் போனேன்.

வேலைக்கும் வேட்டு வந்துவிட்டது. வீடு வீடாகப் போய்த் தொட்டி மூடியைத் திறந்து கொசுப்புழு பார்க்கிற வேலைதான், பெரிய உத்தியோகம் இல்லை. ஆனால் அம்மாவும் நானும் அதில்தான் சாப்பிடுகிறோம். மந்திரியை மிரட்டியவளை வைத்துக்கொள்ள முடியாது என்று கான்ட்ராக்ட் கம்பெனிக்காரர்கள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதினெட்டாம் தேதி விசாரணை. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தையும் வெட்டாமல் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடு. முழுசாகப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். உன்னிடம் வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

உன்
செங்கொடி

*

வளசரவாக்கம்,
ஜூன் 6

அன்புள்ள செங்கொடி,

உன் கடிதம் கிடைத்தது. கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. நீ வாசல் வரை வந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பேன். அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? போன தடவை நான் கொடுத்த தைலம் தீர்ந்திருக்கும், வேறு வாங்கி அனுப்புகிறேன்.

எங்கள் வேலை உனக்குத் தெரியாதது இல்லை. பதினைந்து இடத்திலிருந்து காட்சி வந்து விழும். எது எடுபடும் என்று டெஸ்க்கில் பார்த்து வெட்டுவார்கள். அன்றைக்கு யார் வெட்டினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் அந்தப் பதிவைப் பார்க்கவே இல்லை. ஏழு நாளுக்கு மேல் எதுவும் இங்கே இருக்காது, அழிந்துவிடும். உன் கடிதம் வந்தபோதே கெடு தாண்டிவிட்டது. கோபப்படாதே.

ஒன்று சொன்னால் வருத்தப்பட மாட்டாயே? தெருமுனைப் பலகையில் தினமும் காலையில் நீ சாக்பீஸால் என்ன எழுதுகிறாய்? கொசு கடித்தால் மந்திரி. கரண்டு போனால் மந்திரி. ரேஷனில் பருப்பு வரவில்லை என்றால் மந்திரி. சிலுவையம்மாளின் கோழி காணாமல் போனதற்கும் மந்திரிதான் காரணம் என்று நீ எழுதி, தெருவே சிரித்தது. ஆறு வருஷமாக நீ எழுதுவதைத்தான் நாங்கள் பதினோரு வினாடி காட்டினோம். நீ எழுதினால் நியாயம், நாங்கள் காட்டினால் ஒருபக்கச் சாய்வா?

நீயும் வாயை அடக்கியிருக்கலாம். நன்றாகப் பேசிக்கொண்டே வந்தவள், கடைசியில் மோட்டார் அது இது என்று எதற்காக இழுத்தாய்? மந்திரியோடு நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

நைனாவுக்கு பிரஷர் ஏறியிருக்கிறதாம். நீ அவரிடம் இதைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருக்காதே. விசாரணைக்குப் போய் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும்.

என்றும் அன்புடன்,
மகிழினி

*

திருவொற்றியூர்,
ஜூன் 9

அன்பு மகி,

தைலம் இன்னும் பாதி பாட்டில் இருக்கிறது. வாங்க வேண்டாம்.

உன் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன். பதிவைப் பார்க்கவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஒரு பத்தி தள்ளி, கடைசியில் மோட்டார் என்று இழுத்தாய் என்றும் எழுதியிருக்கிறாய். நான் உனக்கு எழுதியதில் மோட்டார் பற்றிச் சொல்லவே இல்லை, எடுத்துப் பார். டிவியிலும் வரவில்லை. அப்படியென்றால் நீ பன்னிரண்டு நிமிஷமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். வெட்டியதும் நீதான்.

முதல் நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவெல்லாம் கட்சிக்காக வெட்டினார்கள் என்று பேசுகிறது. நீ எந்தக் கட்சிக்காகவும் வெட்டவில்லை. உன் நைனாவுக்காக வெட்டியிருக்கிறாய். அதைப் புரிந்துகொண்ட பிறகு கொஞ்சம் சாப்பிட்டேன்.

எனக்கும் எல்லாம் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால், இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம், கொசுப்புழு பார்க்க உங்கள் வீட்டுக்குப் போனேன். துணி துவைக்கிற கல்லுக்குக் கீழே ஒரு சிமெண்டுப் பலகை. தூக்கினால் தெருக்குழாயில் நேராக மாட்டிய மோட்டார். தரைக்கடியில் இருந்த சம்ப் தொட்டி நிறையத் தண்ணீர் தளும்பியது. உன் நைனா பின்னால் வந்து நின்றார். "கண்ணு, இத்த மனசுல வெச்சிக்க" என்றார். நான் பலகையை மூடிவிட்டு, சுவரில் 'புழு இல்லை' என்று சாக்பீஸால் எழுதிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் தெருக்கோடி வீட்டார் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். தெருமுனைப் பலகையில் மந்திரி பேரை எழுதினேன். கைகூடக் கூசவில்லை. திட்டினால் வலிக்காத தூரத்தில் அவர் இருந்தார். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்தான் கோழி வரைக்கும் போயிற்று. நீ சொன்னது நியாயம், அதை நான் மறுக்கவில்லை. நானும் வெட்டித்தான் ஒட்டினேன்.

ஏன் செய்தேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கப்பா இறந்த அன்றைக்குச் சுடுகாட்டில் பெண்பிள்ளை கொள்ளி வைக்கக் கூடாது என்று ஆள் ஆளுக்குக் கத்தியபோது, உன் நைனா ஒருத்தர்தான் என் பக்கத்தில் வந்து நின்றார். "அவ நைனாக்கு அவதான் வெப்பா. எவன் தடுக்கிறான்னு பாக்கறேன்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றி வந்தார். அந்த மனுஷரை நான் எப்படிக் காட்டிக் கொடுப்பேன்?

ஆனால் ஒன்று பதினாலாகிவிட்டது மகி. அவர் வீட்டு மோட்டார் எப்படியோ பக்கத்து வீட்டுக்குத் தெரிந்து, அவர்கள் ஒன்று போட்டு, இப்போது தெருவில் பதினாலு மோட்டார். எல்லா மூடியையும் திறந்து பார்க்கிறவள் நான்தானே. தண்ணீர் தெரு பாதிக்கு மேல் ஏறுவதே இல்லை. கோடி வீட்டு ஆவுடையம்மாள், தண்ணீர் நின்ற எட்டாம் நாள், தண்டவாளத்தைத் தாண்டிக் குடத்தோடு வரும்போது சரளைக்கல்லில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மந்திரி நல்லா இருப்பானா" என்று சபித்தாள். என் எழுத்தைத்தான் அவள் திரும்பச் சொன்னாள். அதற்கப்புறம் எனக்குப் பொய் எழுத வரவில்லை. அதனால்தான் கேமராவில் பேசினேன். அப்போதும் யார் பேரையும் சொல்லவில்லை. பதினாலு மோட்டார் என்று மட்டும்தான் சொன்னேன். இனியும் சொல்ல மாட்டேன், அப்பா மேல் சத்தியம்.

பயப்படாமல் முழுசாகக் கொடு. பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு விசாரணை.

செங்கொடி

*

வளசரவாக்கம்,
ஜூன் 13

என் செங்கொடி,

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆமாம், நான்தான் வெட்டினேன். கையில் வேறு வேலை இருந்தும் உன் முகத்தைப் பார்க்கலாமே என்று அந்தப் பதிவைப் போட்டேன். தண்டவாளத்து ஓரமாக, பின்னால் நிலக்கரி ரயில் போக, நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றது அப்படியே உன் அப்பா மாதிரி இருந்தது. பதினாலு மோட்டார் என்று நீ சொன்னதும் நிறுத்திவிட்டு, அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மறியலில் முன்னால் நின்று கோஷம் போட்டவர் வீட்டுக் கல்லுக்கு அடியில் முதல் மோட்டார் இருக்கிறது என்று தெரிந்தால், அந்தப் பெண்கள் கதவை உடைத்துவிடுவார்கள். எழுபத்திரண்டு வயசில் அவர் அதைத் தாங்குவாரா? அவர் தண்ணீருக்கு ஆசைப்பட்டதும் என் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோதுதான். அப்புறம் கழற்ற மனசு வரவில்லை.

வெட்டியபோது உனக்கு இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. ஒரு நாள் ஓடும், மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அது இப்படித் தீயாகப் பரவும் என்று யார் கண்டது? என்னை ஆபீஸில் கை தட்டிப் பாராட்டினார்கள். அந்தக் கைதட்டலில் நான் கூனிப்போய் உட்கார்ந்திருந்தேன், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி.

பதிவு அழியவில்லை. பென்டிரைவில் போட்டு இதோடு கூரியரில் அனுப்பியிருக்கிறேன். முழுசும் இருக்கிறது. என்னை நம்பு. விசாரணை முடிந்ததும் இருவரும் ஒரு நாள் காசிமேடு போய் மீன் வாங்கிச் சமைத்துச் சாப்பிடலாம், பழையபடி. நீ சுத்தம் செய், நான் குழம்பு வைக்கிறேன். போனைத் திறந்ததும் முதலில் எனக்குக் கூப்பிடு.

உன்
மகி

*

திருவொற்றியூர்,
ஜூன் 20, வெள்ளிக்கிழமை

மகிழினிக்கு,

பென்டிரைவ் பதினாறாம் தேதியே வந்துவிட்டது. நெட் சென்டர்காரர், "ஒருவாட்டி போட்டுப் பாத்துக்கினு போ தங்கச்சி" என்று கூப்பிட்டார். என் தோஸ்து அனுப்பியதைச் சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டுமா என்று அவரிடமே சிரித்துவிட்டு வந்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போல இருக்கிறது.

மேலாளர் கிருஷ்ணப்பன் நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். முழுசாகப் பார்த்தால் புரியும் சார் என்று நான் நீட்டியதைத் தன் கம்ப்யூட்டரிலேயே போட்டார். இன்னும் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். நான் பேசுகிறேன், பின்னால் நிலக்கரி ரயில் போகிறது. மந்திரி மண்டையைப் பிளக்க வேண்டும் என்கிறேன். "அப்டித்தான் ஆறு வருசமா நானும் சொல்லிகினு கீறேன்" என்கிறேன். அடுத்த நொடி ரயிலைக் காணோம். தண்டவாளம் காலியாகக் கிடக்கிறது. "அவ்ளோதான் மேடம்" என்று கும்பிடு போடுகிறேன். முடிந்துவிட்டது.

பதினோரு வினாடியில் ஒரு நாள் கோபத்தில் பேசியவளாக இருந்தேன். நீ அனுப்பியதில், ஆறு வருஷமாக மந்திரியை அடிக்கத் திட்டம் போட்டவளாக நானே ஒப்புக்கொண்டேன்.

கிருஷ்ணப்பன் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "நடுவுல ரயில காணோமேம்மா. டிவிக்காரன் வெட்டிட்டான்னு சொல்லி, நீயும் வெட்டித்தானே கொண்டாந்துகீறே?"

வெட்டியவள் நான் என்று நினைத்துவிட்டார். அவர் மேல் என்ன குற்றம்? என் கையிலிருந்துதானே வாங்கினார். வெட்டிய இடத்தில் என்ன இருந்தது, அதையாவது வாயால் சொல், எழுதிக்கொள்கிறேன் என்றார். பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். நான் சொல்லியிருக்கலாம். துவைக்கிற கல்லைக் காட்டியிருக்கலாம். நேராகப் போய்ப் பார்த்திருப்பார்கள், என் வேலை அங்கேயே திரும்பியிருக்கும். எனக்குச் சுடுகாட்டில் என் கையைப் பிடித்த கைதான் ஞாபகம் வந்தது.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

இந்த மாசத்தோடு வேலை முடிந்தது. அடையாள அட்டையையும் சாக்பீஸ் டப்பாவையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையைப் பெருக்கித் துடைக்க ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். திங்கட்கிழமையிலிருந்து போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ உன் நைனா பேரைக் காப்பாற்ற வெட்டினாய் என்றால் புரிந்துகொள்வேன். அதில் பேரே இல்லை மகிழினி. நான் சத்தியம் செய்து எழுதிய பிறகும், முழுசும் இருக்கிறது, என்னை நம்பு என்று எழுதிவிட்டு வெட்டினாய். முதல் தடவை உன் நைனாவுக்காகச் செய்தாய். இரண்டாம் தடவை என் சத்தியத்தை நம்பாமல் செய்தாய். எனக்கு வலிப்பது அதுதான். முப்பது வருஷத்தில் உனக்கு நான் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கிறேனா? என் பொய்யெல்லாம் உங்களுக்காகச் சொன்னவைதான்.

நேற்றுக் காலையில் எழுந்து, வீட்டில் கிடந்த ஒரு துண்டு சாக்பீஸை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். பலகையில் இருந்த மந்திரியை ஈரத்துணியால் துடைத்தேன். 'நம் தெருவில் பதினாலு மோட்டார். தண்ணீர் அங்கேதான் போகிறது. மந்திரியைத் திட்டி ஆறு வருஷம் நான் எழுதியது தப்பு. செங்கொடி' என்று எழுதினேன். அதிலும் யார் பேரும் இல்லை. பால் வாங்க வந்தவர்கள் நின்று படித்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆவுடையம்மாளின் மருமகள் மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பத்து மணிக்கு மறுபடி போனால் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தது. அதே இடத்தில் பெரிசாக எழுதியிருந்தது: 'செங்கொடி ஆளுங்கட்சிக்கு விலை போய்விட்டாள். மக்களே நம்பாதீர்கள்.' சுற்றி நின்றவர்கள், அதானே பார்த்தேன், திடீரென்று மந்திரிக்கு வக்காலத்து வாங்குகிறாளே என்று பேசிக்கொண்டார்கள். உன் சேனலைச் சொன்ன அதே வாய்கள்தான். மந்திரி மண்டையைப் பிளக்கச் சொன்னேன் என்று வேலை போயிற்று. மந்திரியிடம் காசு வாங்கினேன் என்று தெரு போயிற்று. இரண்டும் ஒரே மாசத்தில்.

யார் எழுதியது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நீ பார்த்திருந்தால் உனக்கும் உடனே தெரிந்திருக்கும். ஒண்ணாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் உன் ரேங்க் கார்டில் இருந்த கையெழுத்துதான்.

நான் அதை அழிக்கவில்லை. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கலாம் என்று உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

உன் பென்டிரைவை இதோடு வைத்திருக்கிறேன். போனை இன்றைக்குத்தான் அரிசியிலிருந்து எடுத்தேன். புது நம்பர் வாங்கப் போகிறேன், அது உனக்கு வேண்டாம். இனி உன் நைனாவுக்காக நான் எதையும் மறைக்க மாட்டேன். உனக்கும் எழுத மாட்டேன்.

தைலம் நேற்றோடு தீர்ந்துவிட்டது. வேறு நானே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கன்னியம்மா மகள் செங்கொடி,
பட்டறைத் தெரு